துவராடை தேடிய வரலாறு

சென்ற யாண்டு எம் கல்லூரித் தமிழ் மன்றத்தார் மத்தவிலாசம் என்னும் பழைய நகைச்சுவை நாடகத்தைத் தமிழிற் பெயர்த்து மேடையேற்றத் துணிந்தனர். துணிந்தவர் அவர், துணி தேடும் பொறுப்போ எம் தலைமேல் விழுந்தது. அப்பொறுப்பின் பொருட்டு யாம் திரிந்த இடங்களையும் ஆங்காங்குக் கற்றவற்றையும் இம்மலரைப் படிக்கும் அன்பர்க்கு ஒருவாறு எடுத்துரைப்பாம்.

மத்தவிலாசம், காஞ்சியிலிருந்து அரசு செலுத்திய முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் கி. பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடமொழியில் இயற்றியது. அறிஞருலகம் அதனை அச்சிற் கண்டது 1917இல். திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் அதனைப் பதிப்பித்து வெளியிட்டார். கதை சிறிது. கள்வெறி கொண்ட காபாலிகன் சத்தியசோமன் தன் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். எதிரே வந்த நாகசேனன் என்னும் புத்த பிக்கு அதனைத் தன் ஆடையுள் மறைத்து வைத்திருப்பதாக வழக்கிடுகிறான். காபாலிகனின் துணைவி தேவசோமை அவனுக்குத் துணைநின்று வாதாடுகிறாள். பாசுபதன் ஒருவன் நடுவனாக வந்து நடுவும் அறியாது நிற்கிறான். முடிவில், நாயின் வாயினின்றும் பறித்த கபாலத்தோடு பித்தன் ஒருவன் வந்து சேர, வழக்குத் தீர்கிறது. ஆகவே இந்நாடகத்தின் சண்டை முழுவதும் ஒரு பிக்குவின் ஆடை மடிப்பிலே தங்கியிருக்கிறது. உள்ளே இருப்பது தெரியாதபடி அது தடித்திருத்தல் வேண்டும். ஓர் ஓட்டை மறைக்கத்தக்க அகலமும் தொய்வும் உடையதாதல் வேண்டும். ஆடை பொய்த்தால் நகையும் பொய்த்துப்போம்.

முதலில் எல்லாரும் செய்வதையே யாமும் செய்தோம். சென்னையில் நாடக உடைகளை வாடகைக்கு விடும் கடையொன்றை நாடினோம். கடைக்காரர் அன்புடையவர். பல்லவர் காலம் என்றவுடன் கருநீல வெல்வெட்டிற் சரிகைப் பூ வைத்த மேலங்கியொன்றை விரித்து, "இது ராஜாவுக்கு" என்றார். மன்னன் எழுதிய நாடகமாயினும் இதில் மன்னன் மேடைக்கு வருவதேயில்லை என்று யாம் கூறியபோது அவர்க்கு உண்டான ஏமாற்றம் சிறிதன்று. பிக்குவுக்கென்று அவர் காட்டியது பளபளக்கும் செயற்கைப் பட்டிலே தைத்த மஞ்சள் அங்கி. அதன் முதுகுப்புறத்தில் ஒரு ஜிப்பும் இருந்தது. நூறு பள்ளி விழாக்களிற் புத்தராகவும் அசோகராகவும் உலவிய அங்கி அது; அதன் தொண்டை யாம் பழித்திலோம். ஆயினும் வெறுங்கையராய்த் திரும்பினோம்.

பழங்காலத்துத் துணியைக் காண வேண்டின், துணியைத் தேடிப் பயனில்லை. தமிழ்நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் கறையானிலும் பருத்தி பல நூற்றாண்டு நில்லாது. கல் நிற்கிறது. ஆதலின் கல்லிடம் சென்றோம். செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரையொன்று உளது. கந்தசேனன் என்பான் குடைவித்தது. அதன் வாயில் காப்போரைக் கண்டு வணங்கிப் பின்னர் மாமல்லபுரம் அடைந்தோம். அங்கே அருச்சுனன் தபசு என வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தின் அடியில், நீர் இறங்கும் பிளவை ஒட்டி, நீராடி எழுந்த சிலரைச் செதுக்கியிருக்கின்றனர். ஒருவன் குடம் சுமக்கிறான். மற்றொருவன் நனைந்த துணியை முறுக்கிப் பிழிகிறான்.

இப்பிழிவோனைப் பார்த்துக்கொண்டு யாம் நின்ற நேரம் நெடிது. சுற்றுலா வந்தோர் யானையையும், தவஞ்செய்யும் பூனையையும் பார்த்து அகன்றனர். எமக்கோ அப்பாறை முழுவதிலும் அவனொருவனே வேண்டியவனாயினான். தேவர்கள் உடுத்தது சிற்பியின் கனவாயிருக்கலாம். நனைந்த துணியைப் பிழிதல் கனவன்று. அத்துணி கயிறுபோல் முறுகி நிற்கிறது. தையலில்லை, கரைக்கட்டு இல்லை, பூவேலையுமில்லை. ஒரே நீளமான, எளிதில் முறுகத்தக்க வெறும் பருத்தி. விடுதிக்கு மீண்டு, குழாயடியில் மூவகைத் துணியை நனைத்துப் பிழிந்து பார்த்தோம். திரைச்சீலைத் துணி முறுகவே மறுத்தது. பாலியெஸ்டர் கலந்த வேட்டி முறுகியும் கைவிட்டவுடன் விறைத்து விரிந்தது. பழைய கதர்த் துண்டொன்றே கல்லில் உள்ளவாறு முறுகி, முறுகியபடியே கிடந்தது. உடன் பயிலும் நண்பர்கள் எம்மைக் கண்டு நகைத்தனர். அவர்கள் நகைத்தற்கும் காரணமுண்டு.

தமிழ் படிப்போர் ஈண்டு ஒன்று நோக்குக. துணி, துண்டு, அறுவை, கூறை: இச்சொற்களெல்லாம் துணித்தல், அறுத்தல், கூறுபடுத்தல் என்னும் வினைகளினின்றும் பிறந்தவை. தறியினின்றும் அறுத்தெடுத்தால் அதுவே ஆடை. அதன்மேல் ஊசிக்கு வேலையில்லை. தைத்த சட்டையைத் தமிழர் அறியாரல்லர். முல்லைப்பாட்டிலே பாசறை காக்கும் யவனர் மெய்ப்பை அணிகின்றனர்; சிலப்பதிகாரத்திற் கஞ்சுகம் பூண்ட தூதர் வருகின்றனர். ஆனால் அது பிறநாட்டார்க்கும் ஏவலர்க்கும் உரிய கோலமாகவே பெரும்பாலும் வருகிறது. ஆதலின் எம் மேடையில் ஊசி நுழைதலாகாதென்று விதித்தோம். சேலைக்குள் ஒளிந்து வாழும் ஊக்குக்கும் இவ்விதி பொருந்தும். அது 1849இல் அமெரிக்காவில் உரிமை பெற்ற பொருள்.

இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டென்பதைப் பின்னரே நூல்களிற் கண்டு வியந்தோம். வினய நூல்களின்படி பிக்குவின் ஆடை வெட்டித் தைத்ததாதல் வேண்டும். மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் போலப் பத்தி பத்தியாக இணைத்தல் வேண்டுமென்று புத்தர் ஆனந்தரிடம் கூறினாராம். முழுத்துணிக்கு விலையுண்டு, துண்டாக்கிய துணிக்குக் கள்வரும் விருப்புறார் என்பது கருத்துப்போலும். ஊசி தீண்டாத நாட்டிலே துறவியின் மேனியில் மட்டும் தையல்! கடையிற் கண்ட அங்கி தைத்திருந்தது பிழையன்று, தைத்தவாறே பிழை.

இனி நூல். எத்துணியை வாங்குவது? செங்கற்பட்டுக் கடைவீதியில் ஒரு கடையிலே, "சுத்தப் பருத்தி" என்று உறுதி கூறி ஒரு துணியை விற்றனர். விடுதிக்கு வந்து அதன் ஓரத்தினின்றும் இரண்டு இழையைப் பிரித்துத் தீயிற் காட்டினோம். பருத்தியாயின் காகிதம்போல் எரிந்து மென்சாம்பலாம். அவ்விழையோ உருகிச் சுருண்டு கறுத்த மணியாய் இறுகிற்று. அத்துணி இப்பொழுது எம் அறைச் சன்னலில் திரையாகத் தொங்குகிறது.

பருத்தியாயிருத்தலும் போதாது. இன்று நம்நாட்டில் மிகுதியாய் விளையும் பருத்தி அமெரிக்கக் கண்டத்து இனம். கொலம்பசு கடல் கடப்பதற்கு முன் இந்நாட்டார் அதனைக் கண்டிரார். பல்லவர் காலத்து நூல் நம் பழைய இனங்களிலிருந்தே வந்திருத்தல் வேண்டும். அவ்வினத்துள் ஒன்றாகிய கருங்கண்ணி தென்பாண்டிக் கரிசற் காட்டில் இன்றும் சிறிதளவு விளைகிறது. அதன் இழை குட்டையானது, ஆலைப் பொறிகளுக்கு ஒவ்வாது, கைக்கு ஒவ்வும். கைந்நூற்பிலும் ஒரு நுட்பமுண்டு. இராட்டையே இந்தியாவிற் பிற்பட்டது என்பர் வரலாற்றாசிரியர். அதனைத் தெளிவாகக் கூறும் சான்று 1350இல் இசாமி பாரசீக மொழியில் எழுதிய காவியத்திலேதான் முதலிற் காணப்படுகிறதாம். ஆகவே மகேந்திரவர்மன் காலத்துப் பெண்டிர் நூற்றது கதிரைக் கையாற் சுழற்றியே. கையாற் சுழற்றிய நூல் என்பதனால் அது முரடாயிருந்ததென்று கொள்ளற்க. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் பாணர்க்கு நல்கும் ஆடையைப் பெரும்பாணாற்றுப்படை ஆவிக்கு ஒப்பிடுகிறது. பொருநராற்றுப்படை கரிகாலன் அளித்ததைப் பாம்பின் தோலுக்கு ஒப்பிடுகிறது. ஆந்திரத்துப் பொந்தூரில் மீனின் தாடையெலும்பாற் பஞ்சைச் சீவி நூற்கும் மெல்லிய கதர் இன்றும் உண்டு. ஆவி என்பது வெறும் புனைந்துரையன்று என்பதை அதனைத் தொட்டார் அறிவர். எமக்கோ ஆவி வேண்டுவதில்லை. ஓட்டை மறைக்கும் துணி வேண்டும். அதற்குரிய பணமும் எம்மிடம் அவ்வளவே இருந்தது. கதர்க் கடையொன்றில் வெளுக்காத பழுப்புக் கதர் 22 முழம் வாங்கினோம். அதுவும் இராட்டையில் நூற்றதே. கதிரில் நூற்ற நூலுக்கு யாம் எங்கே போவது? வெளுத்த துணியை விலக்கியதற்குக் காரணம் வேறு. இக்காலத்துச் சலவைத் தூளில் ஒளியூட்டும் இரசாயனம் கலந்திருத்தலின், மேடை விளக்கின் கீழ் அத்துணி நீலம் பாய்ந்து ஒளிர்கிறது. 7ஆம் நூற்றாண்டுத் துறவி நீலமாய் ஒளிர்தல் அழகன்று.

நிறமே எமக்குப் பெருந்தொல்லை தந்தது. திருஞானசம்பந்தர் தேவாரத்திற் பௌத்தர் துவராடை உடுத்தோராகப் பன்முறை சுட்டப்படுகின்றனர். சம்பந்தர் அந்நூற்றாண்டினர், கண்டதைக் கூறியவர். ஆனால் துவர் என்பது எந்நிறம்? அகராதிகள் சிவப்பு என்றும் காவி என்றும் துவர்ப்பு என்றும் கூறி அமைந்தன. கல்லுக்கு நிறமில்லை. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில், 1931இல் ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டு வெளிப்படுத்திய பல்லவ ஓவியச் சிதைவுகளையும் சென்று பார்த்தோம். அங்கு எஞ்சிய வண்ணம் தெய்வத் திருமேனிகளின் வண்ணம், பிக்குவின் வண்ணமன்று.

விடை கொக்கிலமேட்டில் இருந்தது. மாமல்லபுரத்திற்குத் தெற்கே உள்ள மீனவர் ஊர் அது. உச்சி வெயிலுக்கு ஒதுங்கி ஒரு கொட்டகையில் அமர்ந்தபோது, ஆங்கு நைலான் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவரொருவர் எம்மை வினவ, யாம் பட்டைச் சாயம் தேடுவதைச் சொன்னோம். எண்பது அகவை கடந்த அவர் நகைத்துக் கூறியதை அவர் வாய்மொழியிலேயே தருகிறோம்:

"நைலான் வர்றதுக்கு முந்தி எல்லாம் பருத்தி நூல் வலைதான் தம்பி. அப்படியே கடல்ல போட்டா ஒரு மாசத்துல இத்துப் போயிடும். வேலம்பட்டையை இடிச்சுக் காய்ச்சி அதுல ஊறப் போடுவாங்க. நான் சின்னப் பையன், அப்பாவுக்கு அடுப்பு தள்ளுவேன்."

"எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், தாத்தா?"

"நேரமெல்லாம் யாரு பார்த்தா? ஒரு சொட்டு எடுத்து நாக்குல வெப்பாரு. நாக்கை இழுக்கணும். இழுத்தா ஆச்சு. இரும்புச் சட்டி மட்டும் வேணாம், கறுத்துப் போயிடும்."

நாக்கை இழுக்கும் சுவை! அறுசுவையுள் ஒன்றாகிய துவர்ப்பு அதுவேயன்றோ? பட்டையின் சுவையும் பட்டை தந்த நிறமும் அந்நிறம் ஏறிய ஆடையும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடந்தன. மூன்றாண்டாக அச்சொல்லை யாம் ஏட்டிற் படித்திருந்தோம். அதன் பொருளை நாவினாற் சோதித்து அறியும் ஒருவரை அன்றே கண்டோம். அவர் சம்பந்தரைப் படித்தவரல்லர். அவர்க்குப் படிக்க வேண்டுவதுமில்லை. வலைக்கு நைலான் வந்தபின் இப்பட்டை வேலைக்குத் தேவையில்லாது போயிற்று. அதனை அறிந்த நாவுகள் இக்கரையில் இன்னும் எத்தனை யாண்டு இருக்கும் என்று எண்ணுகையில் எமக்கு அச்சமுண்டாயிற்று. ஆதலின் அவர் சொன்ன அளவுகளை ஆண்டே குறித்துக்கொண்டோம்.

விடுதிச் சமையற்காரர் தம் அலுமினிய அண்டாவைத் தர முதலில் மறுத்தார். ஞாயிறு மாலைக்குள் தேய்த்துக் கொடுப்பதாகச் சொல்லிப் பெற்றோம். கருவேலம்பட்டையை இடித்து, ஓரிரவு ஊறவைத்து, மறுநாட் காலை முதற் காய்ச்சினோம். நண்பரொருவர் நாவில் வைத்து, பத்து நிமிடம் பேச்சின்றி நின்றார். பதம் வந்ததென்று கொண்டோம். முதல் முக்கலில் துணி தேநீர்க் கறை பட்டதுபோல் இருந்தது. வெயிலில் உலர்த்தி மீண்டும் முக்கினோம். நான்காம் முறைக்குப் பின் செம்மண்ணுக்கும் மரப்பட்டைக்கும் இடைப்பட்ட ஒரு நிறம் நிலைத்தது. கடையிற் கண்ட மஞ்சளுக்கும் இதற்கும் யாதோர் உறவுமில்லை. அதனை 5 பத்தியாக வெட்டி, விடுதி நண்பர் அறுவர் இரண்டு மாலை இருந்து கையாலே தைத்தனர்.

தேவசோமையின் உடை பற்றி எழுந்த பேச்சு இவ்வாறு நகையோடு முடிந்ததன்று. மாமல்லபுரத்து மகளிர் சிற்பங்களுள் மார்புக் கச்சு அணிந்தனவும் உள. இடைக்கு மேல் ஆடை காட்டாதனவும் உள. வரலாற்றுக்கு உண்மையாதல் வேண்டுமென்று பேசிவந்த எம் குழுவினருள் ஒருவர், மேலாடையே அக்காலத்து இல்லாத பொருள் என்றும், அதனைச் சேர்ப்பது பிற்கால நாணத்தை முற்காலத்தின்மேல் ஏற்றுவதாகும் என்றும் வாதித்தார். அப்பாத்திரத்தை ஏற்றிருந்த உடன்மாணவி நாகர்கோயிலைச் சேர்ந்தவர், எம்மைப்போற் கிறிஸ்தவர். அவர் குரல் உயர்த்தாமற் சொன்னார்: "கல்லில் இல்லை என்கிறீர்கள். எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டீர்களா?"

அவர் கூறியது தோள்சீலைப் போராட்டத்தை. திருவிதாங்கூர் அரசில் நாடார் முதலிய சாதிப் பெண்டிர் உயர்சாதியார் முன் மார்பை மறைத்தலாகாது என்னும் வழக்கம் இருந்தது. திருச்சபையைச் சேர்ந்த பெண்டிர் குப்பாயமும் மேற்சீலையும் அணியத் தொடங்க, 1820களிலும் மீண்டும் 1858, 1859ஆம் யாண்டுகளிலும் அவர்தம் ஆடை கிழிக்கப்பட்டது. கோயில்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1859 சூலையில் அரசர் உத்திரம் திருநாள் விடுத்த ஆணை மார்பை மறைக்க இசைவு தந்தது. ஆயினும் உயர்சாதிப் பெண்டிர் உடுத்தும் முறையிலன்று, மீனவப் பெண்டிர்போல் முரட்டுத் துணி கட்டிக்கொள்ளலாம் என்றே தந்தது. ஒருவர் என்ன உடுத்தார் என்பதோடு, உடுக்க எவர் விட்டார் என்பதையும் கேட்டாலன்றி உடையின் வரலாறு நிரம்பாது என்பதை அன்று அவர் எமக்குக் காட்டினார். வாதித்த நண்பர் மறுமொழி கூறவில்லை. சிற்ப மரபு வேறு, தெருவின் வழக்கு வேறு என்பதும் எம் கருத்து. கல்லில் ஆடையைக் காட்டச் சிற்பிக்கு இருப்பது சில கோடுகளே. தேவசோமை அகன்ற கச்சின்மேல், வலத்தோளில் முடிந்த மேலாடையோடு மேடையேறினாள். முடிச்சை அவரே கண்டுபிடித்தார். ஊக்கு இல்லை.

இத்தேட்டம் எம் ஒருவர் பித்து மட்டுமன்று. இங்கிலாந்தில் 1968இல் தோன்றிய சீல்டு நாட் என்னும் சங்கத்தார் அந்நாட்டு உள்நாட்டுப் போரை வேடம் புனைந்து மீண்டும் நிகழ்த்திக் காட்டுகின்றனர். அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் 18ஆம் நூற்றாண்டு உடையணிந்து வரலாறு நடிப்போர் பலர். அவர்கள் இழையை எண்ணித் துணி வாங்குவோர். அந்நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்டிர் விரும்பி அணிந்த பூத்துணியோ இந்தச் சோழமண்டலக் கரையினின்றும் சென்றது. பிரான்சு தன் நெசவாளரைக் காக்க 1686 முதல் 1759 வரை அதனைத் தடை செய்தும் அங்குள்ளார் விட்டாரில்லை. கொக்கிலமேட்டினின்றும் தெற்கே சென்று, சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் செங்கல்லாற் கட்டிய கோட்டையைக் கண்டோம். கடல் நோக்கிய மதிலும், உள்ளே சித்திரம் செதுக்கிய கல்லறைகளும் நிற்கின்றன. துணி வாங்க வந்தோர் கல்லறை இருக்கிறது. துணி அங்கும் இல்லை.

அத்துணிகளின் செந்நிறத்தைத் தந்தது சாயவேர். இம்பூறல் என்றும் வழங்கும் அச்சிறு பூண்டு இக்கரை மணலில் தானே முளைப்பது. 1868இல் செருமானியர் அலிசரின் என்னும் செஞ்சாயத்தை இரசாயன முறையில் ஆக்கிய பின்னர் அதனை நாடுவார் குறைந்தனர். தேவசோமையின் ஆடைக்கு அச்செம்மை வேண்டி, தாவரவியல் துறைப் பேராசிரியரொருவர் துணையோடு மணலிற் தேடி, இரண்டு செடி கண்டோம். வேர் தையல் நூலினும் சற்றே தடிப்பு. ஓர் ஆடைக்கு ஒரு கோணிப்பை வேர் வேண்டும் என்றார் பேராசிரியர். செடிகளைப் பிடுங்காது விட்டு வந்தோம். அவ்வாடை மஞ்சளும் படிகாரமும் ஏற்றியதாகவே அமைந்தது.

நாடக நாளில், காபாலிகன் பிக்குவின் ஆடையைப் பற்றி இழுத்தபோது கைத்தையல் தாங்கிற்று. ஓடு உள்ளே இருந்தும் முன்வரிசையார்க்குத் தெரியவில்லை. பித்தனின் கந்தைக்கு மட்டும் யாம் தேட வேண்டியிருக்கவில்லை. விடுதியில் அது ஏராளம்.

உடைகள் யாவும் தமிழ்த் துறை அலமாரியில், வேப்பிலை இட்ட தகரப் பெட்டியில் உள்ளன. திறவுகோல் துறை உதவியாளரிடம் இருக்கிறது. துவராடையைச் சோப்பிட்டு வெளுத்தலாகாது. தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துக. கொக்கிலமேட்டுப் பெரியவர் சொன்ன அளவுகள் எழுதிய தாள் பெட்டியின் மூடியில் ஒட்டியுள்ளது. வரும் யாண்டு நடிப்போர் சாயவேர் வேண்டுவராயின் பேராசிரியரை இப்பொழுதே காண்க. அவர் தோட்டத்தில் ஒரு பாத்தி விதைத்திருக்கிறார். வேர் முதிர இரண்டு யாண்டு ஆகுமாம்.